மேனுவலை எடுத்துவிட்டால் மாணவர் தாமாகச் செய்துவிடுவாரா?

கல்லூரியில் புதிதாக வேலைக்குச் சேர்ந்த இயற்பியல் ஆசிரியை ஒருவர் கேட்ட கேள்வி இது. பி.எஸ்சி. முதலாண்டு லேபில் மாணவர்கள் மேனுவலில் உள்ள வரிகளை ஒவ்வொன்றாகச் செய்துகொண்டு போகிறார்கள். சீனியர்களின் ரெக்கார்டைப் பார்த்து ரீடிங்கைச் சரிக்கட்டுகிறார்கள். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை வந்து "மேம், இது கரெக்டா?" என்று நிற்கிறார்கள். ஒரு கேள்வியைக் கொடுத்து, அதற்கான வழியை மாணவரே தேடும் முறையில் லேபை நடத்தினால் இது மாறுமா? ஒரு பேட்சில் 40 பேர், வாரத்துக்கு 3 மணி நேரம், பழைய கருவிகள். இதற்குள் முடியுமா?

முடியும். இருபது ஆண்டுகளுக்கு மேல் கல்லூரி லேபில் நின்ற அனுபவத்தில் சொல்கிறேன். ஆனால் மேனுவலைப் பிடுங்கிவிடுவதால் மட்டும் அது நடக்காது. நானே அப்படித்தான் தொடங்கினேன். முதலாண்டு மாணவர்களிடம் நூல், உலோகக் குண்டு, ஸ்டாப் வாட்ச் எல்லாம் கொடுத்து, "ஊசலைப் பற்றி ஏதாவது ஒன்றைக் கண்டுபிடியுங்கள்" என்றேன். அரை மணி நேரம் யாரும் எதையும் தொடவில்லை. அப்புறம் ஒரு பையன் போனில் செய்முறையைத் தேடி எடுத்தான். அடுத்த பத்து நிமிடத்தில் அத்தனை பேரும் அதையே செய்துகொண்டிருந்தார்கள். மேனுவல் அவர்களே தேடிக்கொண்ட மேனுவலாக மாறியது, அவ்வளவுதான் வித்தியாசம். பிள்ளைகள்மேல் தப்பே இல்லை. எதைத் தீர்மானிக்க வேண்டும் என்றே தெரியாதவரிடம் "நீயே தீர்மானி" என்று சொன்னால் அவர் வேறு என்ன செய்வார்?

இதைக் கல்வியாளர்கள் எழுத்திலும் சொல்லியிருக்கிறார்கள். 2006இல் கிர்ஷ்னர், ஸ்வெல்லர், கிளார்க் மூவரும் எழுதிய கட்டுரை, வழிகாட்டல் இல்லாத கண்டுபிடிப்புக் கற்பித்தலைக் கடுமையாக மறுத்தது. புதிதாகக் கற்பவரின் மனம் ஒரே நேரத்தில் சில விஷயங்களை மட்டுமே தாங்கும். கருவியும் புதிது, கோட்பாடும் புதிது, கேள்வியும் புதிது என்றால் எதுவும் மனத்தில் தங்காது. அந்தக் கட்டுரையை எதிர்த்தும் பலர் எழுதினார்கள். ஆனாலும் என் லேபில் நான் கண்டதற்குக் கிர்ஷ்னர் குழுவின் வாதமே பொருந்துகிறது. அதனால் நுண்ணிய நீளங்களை அளக்கும் வெர்னியரைப் படிப்பதையும், ஒளியை ஆராயும் ஸ்பெக்ட்ரோமீட்டரைச் சரிசெய்வதையும் நேரடியாகக் கற்றுக்கொடுத்துவிடுங்கள். அரை மணி நேரத்தில் கையைப் பிடித்துக் காட்ட வேண்டிய விஷயத்தை யாரும் தேடிக் கண்டறிய வேண்டியதில்லை.

அப்படியானால் எதை மாணவரிடம் விடுவது? வழக்கமான லேபில் மாணவர் எடுக்க வாய்ப்பே கிடைக்காத முடிவுகளைப் பாருங்கள். எத்தனை ரீடிங் எடுத்தால் போதும்? மேனுவல் சொல்லிவிடுகிறது: 20 அலைவுகள், இரண்டு முறை. கிடைத்த எண் நல்ல எண்ணா? புத்தகத்தின் பின்பக்கம் சொல்லிவிடுகிறது. இரண்டு எண்கள் ஒத்துப்போகாவிட்டால் அடுத்து என்ன செய்வது? அதற்கு நேரமே கிடையாது, பெல் அடித்துவிடும். அறிவியலில் வேலை செய்கிறவர் நாள் முழுக்க எடுப்பது இந்த மூன்று முடிவுகளைத்தான். இவற்றை மாணவர் கையில் கொடுத்து, அந்த முடிவின் விளைவை அவரே பார்க்கும்படி செய்தால், தானே நிற்கும் பழக்கம் அங்கிருந்து வளரத் தொடங்குகிறது. தலைப்பை அவரே தேர்ந்தெடுப்பதெல்லாம் பிறகு வரட்டும்.

இதற்கு எனக்குத் தெரிந்த மிகத் தெளிவான உதாரணம் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் நடந்தது. நடாஷா ஹோம்ஸ், 2001இல் இயற்பியல் நோபல் பரிசு பெற்ற கார்ல் வீமன், டக் பான் ஆகிய மூவரும் முதலாண்டு லேபில் இதைச் செய்து, 2015இல் வெளியிட்டார்கள். கருவி நம்முடைய அதே தனி ஊசல்தான். கேள்வியும் எளிது: 10 டிகிரி விலக்கி விட்டாலும் 20 டிகிரி விலக்கி விட்டாலும் அலைவு நேரம் (ஒருமுறை போய்த் திரும்ப எடுக்கும் நேரம்) ஒன்றாகவே இருக்கிறதா?

பிளஸ் ஒன் படித்த யாரும் "ஒன்றாகவே இருக்கும், அலைவு நேரம் வீச்சைப் பொறுத்ததில்லை" என்பார்கள். எவ்வளவு விலக்கி விடுகிறோம் என்பதுதான் வீச்சு. முதல் தடவை அளந்தாலும் அப்படித்தான் தெரியும். ஸ்டாப் வாட்சை அழுத்தும் விரலின் தடுமாற்றமே 0.1 வினாடிக்கு மேல் இருக்கும். அதற்குள் எந்த வேறுபாடும் தெரியாது. வழக்கமான லேப் இந்த இடத்தில் முடிந்துவிடும்: "அலைவு நேரம் வீச்சைச் சார்ந்ததில்லை என்று நிரூபிக்கப்பட்டது." ஹோம்ஸ் குழுவின் லேப் அந்த இடத்தோடு நின்றுவிடவில்லை. ஓர் எண் எவ்வளவு முன்பின் இருக்கலாம் என்பது அதன் பிழை வரம்பு. இரண்டு அளவீடுகளின் வேறுபாட்டை அவற்றின் கூட்டுப் பிழை வரம்பால் வகுக்கச் சொன்னார்கள். விடை 1க்குக் கீழே வந்தால் இரண்டு எண்களையும் உங்களால் பிரித்தறிய முடியவில்லை என்று பொருள். இரண்டும் உண்மையிலேயே ஒன்றாக இருக்கலாம், அல்லது உங்கள் அளவீடு கரடுமுரடாக இருக்கலாம். எது என்று அறிய அளவீட்டை மேம்படுத்திக்கொண்டு திரும்பி வாருங்கள். விடை 3க்கு மேல் போனால் வேறுபாடு பெரும்பாலும் உண்மை. அளவீட்டில் தவறு இருக்கிறதா, சூத்திரத்துக்கு வரம்பு இருக்கிறதா என்று தேடுங்கள். இரண்டுக்கும் நடுவே வந்தால் சொல்ல முடியாது, மறுபடியும் அளக்க வேண்டும். ஆக எந்த விடை வந்தாலும் அடுத்து செய்வதற்கு ஒரு வேலை இருக்கிறது. "சரியா தப்பா" என்று ஆசிரியரிடம் கேட்க வேண்டிய தேவை அந்த இடத்திலேயே குறைந்துவிடுகிறது. இந்த முறையில் எனக்கு மிகவும் பிடித்த அம்சம் இதுதான்.

மாணவர்கள் திரும்பிப் போய் ஒரு அலைவுக்குப் பதில் 20, 50 அலைவுகளை அளக்கிறார்கள். அப்போது திரை விலகுகிறது. 1 மீட்டர் நீள ஊசலுக்கு 10 டிகிரியில் அலைவு நேரம் சுமார் 0.2 சதவீதம் கூடுகிறது, 20 டிகிரியில் சுமார் 0.8 சதவீதம். இரண்டுக்கும் உள்ள வேறுபாடு ஓர் அலைவுக்கு ஏறத்தாழ 0.012 வினாடி. 20 அலைவுகளில் அது 0.2 வினாடியைத் தாண்டிவிடும். நான்கைந்து முறை எடுத்துச் சராசரி பார்த்தால் விரலின் தடுமாற்றத்தையும் மீறி வேறுபாடு தெரிகிறது. பாடப்புத்தகத்தில் போகிறபோக்கில் இருக்கும் "சிறிய வீச்சுக்கு மட்டும்" என்ற நிபந்தனை, மாணவரின் கையில் ஒரு எண்ணாக வந்து உட்காருகிறது. இன்னொரு சிக்கலும் சேர்ந்தே வரும். 50 அலைவுகள் ஆடுவதற்குள் வீச்சே குறைந்துவிடுகிறது! அப்படியானால் எத்தனை அலைவு எடுப்பது நல்லது? இதற்கு மேனுவலில் விடை இல்லை, ஆசிரியரிடமும் தயாராக ஒரு விடை இருக்காது. அவர்களே பார்த்து முடிவெடுக்க வேண்டும்.

அந்த ஆய்வின் முடிவு: இப்படிப் பழகிய மாணவர்கள், முந்தைய ஆண்டில் வழக்கமான முறையில் படித்தவர்களைவிட 12 மடங்கு அதிகமாகத் தாங்களாகவே அளவீட்டு முறையை மேம்படுத்த முன்வந்தார்கள் அல்லது மேம்படுத்தினார்கள். தங்கள் தரவைக் கொண்டு ஒரு கோட்பாட்டு மாதிரியின் குறையைக் கண்டு விளக்குவதும் 4 மடங்கு கூடியது. அறிவுறுத்தல்களைப் படிப்படியாகக் குறைத்துக்கொண்டே வந்து பின்னர் முழுக்க நிறுத்திய பிறகும் இது நீடித்தது. அடுத்த ஆண்டு வேறொரு லேபிலும் தெரிந்தது. அவர்களுக்குக் கொடுக்கப்பட்டதெல்லாம் இரண்டுதான்: ஒப்பிட ஒரு வழி, திரும்பிச் செய்ய நேரம்.

சரி, நம் ஊருக்கு வருவோம். சென்னையில் இதை நடத்த ஊசலைவிடப் பொருத்தமான சோதனை கிடையாது என்று நினைக்கிறேன். நம் மாணவர்கள் ஊசலில் புவியீர்ப்பு முடுக்கத்தைக் கண்டுபிடித்து, விடையை 9.8 அல்லது 9.81 (மீட்டர்/வினாடி²) என்று எழுதிவிடுவார்கள். 9.76 வந்தால் பென்சிலால் எழுதியிருந்த நேரத்தை அழித்துத் திருத்துவார்கள். ஆனால் 9.81 என்பது லண்டன், பாரீஸ் அகலாங்குகளை ஒட்டிய மதிப்பு. பூமி சுழல்வதாலும், நடுக்கோட்டுப் பக்கம் புடைத்திருப்பதாலும் 13 டிகிரி வடக்கில் இருக்கும் சென்னையில் அது சுமார் 9.783. ஆக 9.78 என்று நேர்மையாக அளந்த மாணவி, அதை 9.81 ஆக்கும்போது உண்மையிலிருந்து விலகிப் போகிறாள். இதை முதல் நாளே சொல்லிவிடாதீர்கள். அவர்களுடைய எண்கள் கரும்பலகையில் ஏறி, பெரும்பாலானோருக்கு 9.81க்குக் கீழே வந்து, "ஏன் எல்லாருக்கும் குறையுது?" என்று ஒருவர் கேட்கும்வரை பொறுத்திருங்கள்.

அந்தக் கேள்வி வந்ததும் நான் ஒரு கதை சொல்வேன். 1821இல் நுங்கம்பாக்கத்தில் இருந்த மெட்ராஸ் வானியல் ஆய்வகத்தில் அதன் வானியலாளர் ஜான் கோல்டிங்காம் இதே வேலையைச் செய்தார். ஆங்கிலேய இயற்பியலாளர் ஹென்றி கேட்டர் வடிவமைத்த ஊசலைக் கொண்டு, ஒரு பக்கமிருந்து மறுபக்கம் போக சரியாக ஒரு வினாடி எடுக்கும் ஊசலின் நீளத்தை மெட்ராசில் அளந்தார். 39.026 அங்குலம் வந்தது. லண்டனில் கேட்டர் அளந்தது 39.139 அங்குலம். வேறுபாடு 3 மில்லிமீட்டர்கூட இல்லை. அதிலிருந்து பூமியின் வடிவத்தைப் பேச முடிந்தது. கோல்டிங்காமின் எண்ணைப் புவியீர்ப்பு முடுக்கமாக மாற்றினால் 9.783 என்றே வருகிறது. மாணவர்களையே மாற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். இருநூறு ஆண்டுகளுக்கு முன்னால் நம் ஊரில் ஒருவர் எடுத்த ரீடிங்கோடு தன் ரீடிங்கை வைத்துப் பார்க்கும்போது ஒரு பதினெட்டு வயதுப் பிள்ளையின் முகத்தில் வரும் வெளிச்சத்தை நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.

இப்போது வேலைத்திட்டம். ஒரு சோதனைக்கு ஒரு வாரம் என்ற கணக்கை விட்டுவிடுங்கள். ஊசலுக்கு இரண்டு வாரம் கொடுங்கள். முதல் வாரம் ஒரு மணி நேரத்துக்குள் ஒரு சுற்று அளவீட்டை முடித்து, எண்ணையும் பிழை வரம்பையும் கரும்பலகையில் எழுதச் சொல்லுங்கள். ஒவ்வொரு குழுவும் பக்கத்துக் குழுவின் எண்ணோடு ஒப்பிட வேண்டும். மீதி நேரம் முழுவதும் ஒரே கேள்விக்கு: "இதில் எந்த ஒன்றை மாற்றினால் பிழை அதிகம் குறையும்?" இங்கே கணக்கு முக்கியம். குண்டின் ஆரத்தைச் சேர்க்காமல் நூலை மட்டும் அளந்தால், 1 சென்டிமீட்டர் ஆரமுள்ள குண்டுக்கு விடை 1 சதவீதம் குறையும், அதாவது ஏறத்தாழ 9.69 வரும். 10 டிகிரியில் விட்டால் விடை 9.75க்கு இறங்கும். 5 டிகிரியில் விட்டால் அந்தக் குறைவு 0.01 அளவுக்குச் சுருங்கிவிடும். 50 அலைவுகளில் 0.1 வினாடி பிழை என்பது விடையில் 0.2 சதவீதம். பருத்தி நூல் குண்டின் எடையில் மெல்ல நீளும். தொடக்கத்தில் அளந்த நீளமும் முடிவில் அளந்த நீளமும் வேறாக இருக்கும். மீட்டர் ஸ்கேலின் முனை தேய்ந்திருக்கும், அதனால் பூஜ்ஜியத்திலிருந்து அளப்பதே தவறாகும். எது பெரிய பிழை, எது சிறியது என்று வரிசைப்படுத்தும் வேலையை அவர்களுக்கு விடுங்கள். இரண்டாவது வாரம் தாங்கள் தேர்ந்தெடுத்த மாற்றத்தைச் செய்து மீண்டும் அளக்கிறார்கள். மாற்றம் பலன் தரவில்லை என்றால் அதையும் எழுத வேண்டும், அதற்கும் மதிப்பெண் உண்டு.

ஆசிரியரின் வேலை இதில் குறையாது, கூடும். நீங்கள் என்ன பேசுகிறீர்கள் என்பதைவிட எப்போது வாயை மூடிக்கொள்கிறீர்கள் என்பது பெரிய விஷயமாகிவிடும். "மேம், இது கரெக்டா?" என்ற கேள்விக்கு என் நாக்கு நுனியில் "ஆமாம்", "இல்லை" இரண்டும் தயாராக நிற்கும். இப்போது நான் கேட்பது: "உன் எண்ணில் எத்தனை தூரம் நம்பிக்கை இருக்கு? பக்கத்து டேபிள் எண்ணோடு ஒத்துப்போகுதா?" கேட்டுவிட்டு நிற்பேன். மேரி பட் ரோ என்ற அமெரிக்க ஆய்வாளர் வகுப்பறைகளைப் பதிவுசெய்து பார்த்ததில், ஆசிரியர்கள் கேள்வி கேட்டுவிட்டு சராசரியாக ஒரு வினாடிதான் காத்திருக்கிறார்கள் என்று கண்டார். அதை 3 வினாடிக்கு மேல் கூட்டியபோது மாணவர்களின் பதில் நீண்டது, அவர்களே கேள்வி கேட்பதும் கூடியது. அது பள்ளி வகுப்பறை. லேபில் 3 வினாடி போதாது. ஒரு கேள்வியைக் கேட்டுவிட்டு அடுத்த டேபிளுக்குப் போய்விடுங்கள். ஐந்து நிமிடம் கழித்துத் திரும்பி வந்து "என்ன முடிவு பண்ணீங்க?" என்று கேளுங்கள். முக்கியமான ஒன்று: திரும்பி வருவேன் என்று சொன்னால் கண்டிப்பாக வர வேண்டும். வராவிட்டால் உதவி கேட்ட பிள்ளையை நட்டாற்றில் விட்டது போலாகிவிடும். 40 பேருக்கு இது கஷ்டம்தான். நான்கு நான்கு பேராகப் பத்துக் குழு வைத்தால் ஒரு மணி நேரத்தில் இரண்டு சுற்று வரலாம்.

லேப் அசிஸ்டெண்டோடு முன்கூட்டியே உட்கார்ந்து பேசுங்கள். நம் ஊர் லேப்களில் பெரும்பாலும் அவர்கள்தான் எல்லாவற்றையும் மட்டம் பார்த்து, லென்ஸ் துடைத்து, இணைப்புக் கொடுத்துத் தயாராக வைத்திருப்பார்கள். அன்போடு செய்யும் வேலை அது. ஆனால் மட்டம் தவறிய ஸ்பெக்ட்ரோமீட்டரை ஒருமுறைகூடப் பார்க்காத மாணவர், வேறொரு லேபில் அதைச் சந்திக்கும்போது கருவி கெட்டுவிட்டது என்று நினைப்பார். எதைத் தயாராக வைக்க வேண்டும், எதை வேண்டுமென்றே விட்டுவைக்க வேண்டும் என்று இருவரும் சேர்ந்து முடிவுசெய்யுங்கள். கருவிகளின் குணம் அவர்களுக்கு நம்மைவிட நன்றாகத் தெரியும். எந்த ஸ்டாப் வாட்ச் தாமதமாக நிற்கும் என்பதுவரை சொல்வார்கள்.

அடுத்தது ரெக்கார்டும் மதிப்பெண்ணும். இதை மாற்றாமல் மேலே சொன்ன எதையும் செய்யாதீர்கள், வீணாகிவிடும். விடை சரியாக வந்தால் மதிப்பெண் என்று இருக்கும்வரை ரீடிங்கைச் சமைப்பதுதான் புத்திசாலி மாணவர் செய்யக்கூடிய வேலை. நாம்தான் அதைக் கற்றுக்கொடுக்கிறோம். என் லேபில் அப்சர்வேஷன் நோட்டில் பேனா மட்டும்தான். தவறான எண்ணை ஒரு கோடு போட்டு அடிக்கலாம், ஆனால் அது படிக்கும்படி தெரிய வேண்டும், பக்கத்தில் ஏன் அடித்தோம் என்று ஒரு வரி எழுத வேண்டும். விடைக்கு மதிப்பெண் கிடையாது. முதல் சுற்றில் கண்ட சிக்கல், அதற்காக எடுத்த முடிவு, இரண்டாம் சுற்றில் என்ன ஆனது என்ற மூன்றுக்கும்தான் மதிப்பெண். முதல் செமஸ்டரில் பிள்ளைகள் இதை நம்பவே மாட்டார்கள். 9.62 என்று எழுதி, காரணத்தையும் ஆராய்ந்து எழுதிய ஒரு மாணவிக்கு முழு மதிப்பெண் கொடுத்து, அந்தப் பக்கத்தை எல்லோருக்கும் காட்டிய பிறகுதான் நம்பினார்கள்.

செமஸ்டர் இறுதியில் வெளியிலிருந்து தேர்வாளர் வருவார், அவர் பழைய முறையில்தான் மதிப்பெண் போடுவார் என்ற பயம் நியாயமானது. உங்கள் கல்லூரி தன்னாட்சிக் கல்லூரி என்றால் பாடத்திட்டக் குழுவில் பேசிப் பார்க்கலாம். பல்கலைக்கழகத்தோடு இணைந்த கல்லூரி என்றால் உங்கள் கையில் இருப்பது அக மதிப்பீடு மட்டும். அதற்குள் செய்யுங்கள். பட்டியலில் உள்ள அத்தனை சோதனைகளையும் இப்படி மாற்ற வேண்டாம். ஒரு செமஸ்டரில் இரண்டு போதும். மற்றவற்றை வழக்கப்படி வேகமாக முடித்து, மிச்சமாகும் நேரத்தை இந்த இரண்டுக்கும் கொடுங்கள். தேர்வுக்கு முந்தைய இரண்டு வாரம் மாணவர்களை வழக்கமான முறையில் பயிற்றுவிப்பதில் தவறே இல்லை. அவர்களுடைய மதிப்பெண்ணை நம் கொள்கைக்குப் பலி கொடுக்கக் கூடாது.

"சோதனைகளைக் குறைத்தால் பாடம் புரியாமல் போய்விடாதா?" என்று துறையில் கேட்பார்கள். 2017இல் ஹோம்ஸ், வீமன் குழு மூன்று கல்வி நிறுவனங்களில், ஒன்பது பாடங்களில் இதைப் பார்த்தது. வகுப்பில் நடத்தும் கருத்துகளை வலுப்படுத்துவதற்காக என்றே வடிவமைத்த லேப்கள் அவை. லேபில் சேர்வதும் சேராததும் மாணவர் விருப்பம். லேப் செய்தவர்களும் செய்யாதவர்களும் அந்தக் கருத்துகளைப் பற்றிய தேர்வுக் கேள்விகளில் அளவிடக்கூடிய வேறுபாடு எதையும் காட்டவில்லை. மனதைச் சங்கடப்படுத்தும் முடிவு. ஆனால் யோசித்தால் நமக்கே தெரிந்ததுதான். நியூட்டன் வளையச் சோதனையில் 20 ரீடிங்கை அவசர அவசரமாக எடுக்கும் பிள்ளைக்கு, அந்த வளையங்களை உண்டாக்கும் ஒளியலைகளின் குறுக்கீட்டைப் பற்றி நினைக்க எங்கே நேரம்?

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். லேபைத் திறந்துவிட்டதும் நேர்மை தானாக வந்துவிடாது. பிறகு கார்னல் பல்கலைக்கழகத்தில் ஹோம்ஸ் குழு இதே ஊசல் சோதனையை உற்றுக் கவனித்தபோது, சில மாணவர்கள் சூத்திரம் சொல்வதை உறுதிப்படுத்தும் நோக்கத்திலேயே தரவைக் கையாண்டதைக் கண்டார்கள். பிடிக்காத எண்ணை ஒதுக்குவது, பிழை வரம்பைப் பெரிதாக்கிக் காட்டுவது போன்றவை. பள்ளியில் பன்னிரண்டு ஆண்டுகள் "நிரூபிக்கவும்" என்று எழுதிப் பழகிய கை அது. அதனால் சோதனையின் தலைப்பிலேயே கவனம் வையுங்கள். "சூத்திரத்தைச் சரிபார்த்தல்" என்று எழுதாமல் "எந்தக் கோணம்வரை இந்தச் சூத்திரத்தை நம்பலாம்?" என்று எழுதிப் பாருங்கள். கோட்பாடு தோற்கக்கூடிய சோதனையை முதலில் வைப்பதில் பெரிய நன்மை இருக்கிறது.

வேதியியல் துறை நண்பர்கள் "எங்களுக்கு இது சரிவராது, அமிலமும் தீயும் இருக்கிறது" என்பார்கள். பாதுகாப்பு சம்பந்தப்பட்ட எந்த முடிவையும் முதலாண்டு மாணவரிடம் விடக் கூடாது, அதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை. ஆனால் ஒரு கரைசலைச் சொட்டுச் சொட்டாகச் சேர்த்து அளவு காணும் டைட்ரேஷனில் விடுவதற்கு வேறு முடிவுகள் இருக்கின்றன. இடிடிஏ என்ற வேதிப்பொருளைக் கொண்டு நீரின் கடினத்தன்மையைக் காண்பது பல பாடத்திட்டங்களில் உண்டு. லேபில் தயாரித்த கரைசலுக்குப் பதில் அவரவர் வீட்டுத் தண்ணீரை ஒரு பாட்டிலில் கொண்டுவரச் சொல்லுங்கள். போர்வெல் தண்ணீர், லாரித் தண்ணீர், கேன் தண்ணீர் எல்லாம் வரும். இந்தியக் குடிநீர்த் தரம் ஏற்கும் கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராம்; வேறு நீர் கிடைக்காத இடத்தில் 600வரை அனுமதி. "உங்கள் வீட்டுத் தண்ணீர் 200க்குக் கீழே என்று உறுதியாகச் சொல்ல எத்தனை முறை டைட்ரேட் செய்ய வேண்டும்?" என்பது கேள்வி. 195 வந்தவரும் 90 வந்தவரும் ஒரே எண்ணிக்கையில் செய்ய வேண்டியதில்லை. இது அவர்களுக்கே புரியும். அந்தத் தண்ணீரைக் குடிப்பது அவர்கள் அம்மாவும் தம்பி தங்கையும் என்பதால் யாரும் பியூரெட் ரீடிங்கைச் சமைக்க மாட்டார்கள்.

உயிரியலில் இது இன்னும் தூரம் போயிருக்கிறது. அமெரிக்காவின் ஹோவர்ட் ஹியூஸ் மருத்துவ நிறுவனம், பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தின் கிரஹாம் ஹாட்ஃபுல்லோடு சேர்ந்து 2008இல் 12 கல்லூரிகளில் ஒரு திட்டத்தைத் தொடங்கியது. முதலாண்டு மாணவர் ஒவ்வொருவரும் தன் ஊர் மண்ணை எடுத்துவந்து, அதிலிருந்து பாக்டீரியாவைத் தாக்கும் வைரஸ் ஒன்றைப் பிரித்தெடுக்க வேண்டும். செய்முறை எல்லோருக்கும் ஒன்று, கிடைப்பது ஒவ்வொருவருக்கும் வேறு. இதே போன்ற தேடல் தென்னாப்பிரிக்காவின் டர்பனிலும் நடந்தது. அங்கே 2010இல் ஒரு மாணவி அழுகிய கத்திரிக்காயின் அடிப்புறத்தில் ஒரு வைரஸைக் கண்டார். ஆங்கிலத்தில் சேறு படிந்தது என்று பொருள்படும் 'மட்டி' (Muddy) என்ற பெயரை அதற்கு வைத்தார்கள். பிரிட்டனில் நுரையீரல் மாற்று சிகிச்சைக்குப் பின் மருந்துக்கு அடங்காத தொற்றோடு போராடிய 15 வயதுச் சிறுமிக்கு ஹாட்ஃபுல்லின் குழு தேர்ந்தெடுத்த மூன்று வைரஸ்களில் அதுவும் ஒன்று. அவளுடைய புண்களும் தொற்றும் தணிந்த விவரம் 2019இல் வெளியானது. அந்தச் செய்முறையில் சுதந்திரம் மிகக் குறைவு, படிகள் கறாரானவை என்பதைக் கவனியுங்கள். ஆனால் விடை யாருக்கும் தெரியாது. அதனால் ஆசிரியரிடம் "கரெக்டா?" என்று கேட்பதில் பொருளே இல்லை.

இதையெல்லாம் ஒரே ஆண்டில் செய்ய முயலாதீர்கள். முதல் செமஸ்டரில் ஒப்பிடுவதையும் திரும்ப அளப்பதையும் நீங்களே சொல்லிச் சொல்லிச் செய்ய வையுங்கள். இரண்டாம் செமஸ்டரில் "ஒப்பிட்டாயா?" என்று மட்டும் கேளுங்கள். மூன்றாவதில் அதையும் நிறுத்திவிட்டு யார் தாமாகச் செய்கிறார்கள் என்று பாருங்கள். செய்யாதவர்களிடம் மறுபடி ஒரு படி பின்னால் போங்கள். ஆங்கிலத்தில் எழுதுவதற்குத் தயங்கும் பிள்ளைகளுக்கு, ஏன் இந்த முடிவை எடுத்தேன் என்ற பகுதியை மட்டும் தமிழில் எழுத அனுமதியுங்கள். தமிழ் வழியில் படித்து வந்தவர்கள் அந்த இடத்தில்தான் வாயடைத்து நிற்கிறார்கள். சிந்தனை இல்லாததால் இல்லை, வாக்கியம் கிடைக்காததால்.

போன ஆண்டு அப்படி அனுமதி பெற்ற ஒரு மாணவர் தன் அப்சர்வேஷன் நோட்டில் எழுதியிருந்ததை இங்கே தருகிறேன்: "முதல் சுற்றில் 9.71 வந்தது. பக்கத்து டேபிளில் 9.78. வேறுபாடு பிழை வரம்பைவிட அதிகம். நூலை மாலை நாலு மணிக்கு மறுபடி அளந்தேன், 5 மில்லிமீட்டர் நீண்டிருந்தது. அடுத்த வாரம் நூலுக்குப் பதில் மெல்லிய கம்பி போட்டுப் பார்க்கப் போகிறேன். மேமிடம் கேட்கவில்லை, லேப் அண்ணாவிடம் கம்பி வாங்கி வைத்துவிட்டேன்."